1911 சுவீடன் தேர்தல்: ஓட்டுரிமையும் ஓட்டு எண்ணும் முறையும்

1871ஆம் ஆண்டு. சுவீடனின் ஒரு கிராமத்தில் உள்ளூர் நிர்வாகத்துக்கான ஓட்டெடுப்பு நடக்கிறது. ஊரில் ஓட்டுரிமை உள்ள அத்தனை பேரும் ஒன்று சேர்ந்து ஒரு பக்கம் நிற்கிறார்கள். எதிர்ப்பக்கம் ஒரே ஒரு நிலக்கிழார். ஜெயிப்பது அந்த நிலக்கிழார்தான், ஏனென்றால் ஊரின் மொத்த ஓட்டில் பாதிக்கு மேல் அவர் கையில் இருக்கிறது. இது நான் கற்பனையாகச் சொல்லும் காட்சிதான். ஆனால் இப்படி ஒரே ஆளிடம் பெரும்பான்மை ஓட்டு இருந்த கிராமப்புற உள்ளாட்சிகள் அந்த ஆண்டில் உண்மையாகவே 54 இருந்தன. பின்னாளில் பிரதமரான கவுன்ட் அர்விட் போஸ்ஸே அப்படிப்பட்ட நிலக்கிழார்களில் ஒருவர்.

இன்று சுவீடன் என்றால் சமத்துவத்துக்குப் பேர்போன நாடு. அந்த நாடு இப்படி ஒரு நிலையிலிருந்துதான் கிளம்பியது என்பது பலருக்கும் தெரியாது. ஜனநாயகத்துக்கு வந்த வழியில் அது தாண்டிய பெரிய வாசல் 1911 செப்டம்பரில் நடந்த நாடாளுமன்றத் தேர்தல். அந்தத் தேர்தலில் இரண்டு விஷயங்கள் ஒரே சமயத்தில் மாறின. ஒன்று, யாருக்கெல்லாம் ஓட்டு என்பது. இன்னொன்று, விழுந்த ஓட்டை எப்படி எண்ணி இடங்களாக மாற்றுவது என்பது. முதல் மாற்றத்தைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். இரண்டாவதுதான் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிறது. ஓட்டுரிமையை நீட்டிப்பதற்கு ஈடாக, அன்றைய பழமைவாதிகள் கேட்டு வாங்கிக்கொண்ட பாதுகாப்பு அதில்தான் இருக்கிறது.

முதலில் அந்த நாட்டின் நாடாளுமன்றம் எப்படி இருந்தது என்று பார்த்துவிடலாம். சுவீடிய மொழியில் அதன் பெயர் ரிக்ஸ்டாக். 1866 வரை அதில் நான்கு சபைகள் இருந்தன: பிரபுக்களுக்கு ஒன்று, பாதிரிமார்களுக்கு ஒன்று, நகரத்து வணிகர்களுக்கு ஒன்று, சொந்த நிலமுள்ள விவசாயிகளுக்கு ஒன்று. அந்த ஆண்டில் இதைக் கலைத்து இரண்டு அவைகளாக்கினார்கள். இரண்டாம் அவைக்கு மக்கள் நேரடியாக ஓட்டுப்போட்டார்கள். முதல் அவையின் உறுப்பினர்களை மாவட்ட மன்றங்களும் பெரிய நகரங்களின் மன்றங்களும் தேர்ந்தெடுத்தன.

மக்கள் நேரடியாக ஓட்டுப்போட்டார்கள் என்றேன். அந்த மக்கள் யார் என்பதில்தான் சிக்கல். ஆணாக இருக்க வேண்டும். குறிப்பிட்ட மதிப்புக்கு நிலமோ வீடோ இருக்க வேண்டும், அல்லது பெரிய பண்ணையைக் குத்தகைக்கு எடுத்திருக்க வேண்டும், அல்லது ஆண்டுக்கு 800 குரோனர் வரி கட்டத்தக்க வருமானம் வர வேண்டும். தொடக்கத்தில் வயது வந்த ஆண்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்தான் இதில் தேறினார். காலம் போகப் போகக் கூலி உயர்ந்தது, 800 என்ற எண் மட்டும் அப்படியே நின்றது. அதனால் சட்டத்தில் ஒரு வரிகூட மாறாமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தொழிலாளிகளும் உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். ஆனால் அது மிக மெதுவான வரவு.

முதல் அவை இன்னும் இறுக்கமானது. அதில் உறுப்பினராக 80,000 மதிப்புள்ள சொத்தோ, ஆண்டுக்கு 4,000 வருமானமோ வேண்டும். சம்பளம் கிடையாது. பதவிக்காலம் ஒன்பது ஆண்டு. அவர்களைத் தேர்ந்தெடுத்த மாவட்ட மன்றங்களுக்கு அடித்தளமாக இருந்தது, நான் முதலில் சொன்ன அந்தக் கிராமத்து ஓட்டு. அங்கே ஆளுக்கு ஒரு ஓட்டு என்ற பேச்சே இல்லை. கட்டும் வரிக்கு ஏற்ப ஓட்டு. வரியை அளக்க வைத்திருந்த அலகின் பெயர் ஃபிர்க். எத்தனை ஃபிர்க்கோ அத்தனை ஓட்டு. கம்பெனிகளுக்குக்கூட உள்ளாட்சியில் ஓட்டு இருந்தது. மரம் அறுக்கும் ஆலை ஒன்று தன் தொழிலாளிகள் எல்லோரையும் சேர்த்தாலும் மிஞ்சும் அளவு ஓட்டுப் போட முடிந்தது. ஆக, உள்ளூரில் பணம் ஓட்டாகியது, அந்த ஓட்டு மாவட்ட மன்றமாகியது, மாவட்ட மன்றம் முதல் அவையாகியது. அந்த முதல் அவை சம்மதிக்காமல் எந்தச் சட்டமும் நிறைவேறாது. பூட்டும் சாவியும் ஒரே வீட்டில் இருந்த மாதிரி.

இதை உடைக்க வந்த கோரிக்கைக்கு வலு சேர்த்தது ராணுவம். 1901இல் சுவீடன் கட்டாய ராணுவப் பயிற்சியை எல்லா இளைஞர்களுக்கும் விரித்தது. நாட்டுக்காக உயிரைக் கொடுக்கச் சொல்கிறீர்களே, ஓட்டு மட்டும் ஏன் தரமாட்டேன் என்கிறீர்கள் என்று கேள்வி வந்தது. ‘ஒரு மனிதன், ஒரு ஓட்டு, ஒரு துப்பாக்கி’ என்பது அன்றைய முழக்கம். 1902 மே மாதம் நாடாளுமன்றம் இதை விவாதித்த மூன்று நாட்களும் ஏறத்தாழ 1,20,000 தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வுக்காக அல்ல, ஓட்டுக்காக மட்டும்.

அப்போது மூன்று அணிகள் உருவாகியிருந்தன. தாராளவாதிகளின் தலைவர் கார்ல் ஸ்டாஃப், தொழிலாளர்களுக்காக வாதாடிய வழக்கறிஞர். சமூக ஜனநாயகவாதிகளின் தலைவர் யால்மர் பிரான்டிங், வானியல் படித்துவிட்டுப் பத்திரிகையாளராக ஆனவர். வலதுசாரிகளின் முகம் அர்விட் லிண்ட்மன், கடற்படை அதிகாரியாக இருந்து தொழில்துறைக்கு வந்தவர். பிரான்டிங் சிறுவயதில் பின்னாளைய மன்னர் ஐந்தாம் குஸ்தாவுடன் ஒரே பள்ளியில் படித்தவர் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சின்ன நாடு, எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும்.

1905 கடைசியில் ஸ்டாஃப் பிரதமரானார். எல்லா ஆண்களுக்கும் இரண்டாம் அவைக்கு ஓட்டு, தொகுதிக்கு ஒரு உறுப்பினர், அதிக ஓட்டு வாங்குபவர் ஜெயிப்பார் என்று மசோதா கொண்டுவந்தார். நமக்கெல்லாம் நன்கு பழக்கமான முறைதான் இது. இரண்டாம் அவை ஏற்றது. முதல் அவை நிராகரித்தது. மக்களிடமே கேட்டுவிடலாம், இரண்டாம் அவையைக் கலைத்துத் தேர்தல் வையுங்கள் என்று மன்னர் இரண்டாம் ஆஸ்கரிடம் கேட்டார் ஸ்டாஃப். மன்னர் மறுத்தார். 1906 மே மாதம் ஸ்டாஃப் பதவி விலகினார். சுவீடனில் இருக்கப்போவது மக்கள் அதிகாரத்தோடு சேர்ந்த மன்னராட்சியா, சீமான்களின் அதிகாரத்தோடு சேர்ந்த மன்னராட்சியா என்று அவர் எழுப்பிய கேள்வி அந்த நாட்டு அரசியல் வரலாற்றில் நிலைத்துவிட்டது.

அவருக்குப் பின் பிரதமரான லிண்ட்மன் செய்ததுதான் இந்தக் கதையின் திருப்பம். ஓட்டுரிமையை இனித் தடுக்க முடியாது என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. அவருடைய கவலை வேறு. எல்லா ஆண்களுக்கும் ஓட்டுக் கொடுத்து, கூடவே தொகுதிக்கு ஒருவர் என்ற முறையையும் வைத்தால், வலதுசாரிகள் தொகுதி தொகுதியாக இரண்டாம் இடத்துக்குப் போய்விடுவார்கள். நாட்டில் மூன்றில் ஒருவர் அவர்களுக்கு ஓட்டுப் போட்டாலும் அவையில் விரல்விட்டு எண்ணும் அளவுதான் மிஞ்சும். ஆகவே, ஓட்டைக் கொடுப்போம், ஆனால் விகிதாசாரமாக எண்ணுவோம் என்றார். எந்தக் கட்சிக்கு எத்தனை பங்கு ஓட்டோ, ஏறக்குறைய அத்தனை பங்கு இடம். தங்களுக்கு இது ஒரு உத்தரவாதம் என்று வலதுசாரிகள் வெளிப்படையாகவே சொன்னார்கள்.

இதே விகிதாசாரத்தை முதல் அவைக்கும் வைத்தது பேரத்தின் மறுபக்கம். அதனால் மாவட்ட மன்றங்களில் சிறுபான்மையாக இருந்த தாராளவாதிகளுக்கும் சமூக ஜனநாயகவாதிகளுக்கும் முதல் அவையில் நுழைய வழி கிடைத்தது. உள்ளாட்சியில் பணக்காரரின் ஓட்டுக்கு 40 என்ற உச்சவரம்பு வைத்தார்கள். ஆயிரக்கணக்கான ஓட்டிலிருந்து 40க்கு இறங்கியது பெரிய மாற்றம்தான். ஆனாலும் ஒருவருக்கு ஒன்று, இன்னொருவருக்கு 40 என்பதைச் சமம் என்று யாரும் சொல்ல முடியாது. முதல் அவை உறுப்பினருக்கான சொத்துத் தகுதியும் குறைந்தது, பதவிக்காலம் ஆறு ஆண்டாகியது, உறுப்பினர்களுக்குப் படித்தொகையும் வந்தது.

சுவீடனில் அரசமைப்பை மாற்ற வேண்டுமென்றால் ஒரு நாடாளுமன்றம் முடிவெடுத்தால் போதாது. இடையில் ஒரு தேர்தல் நடந்து, அடுத்து வரும் நாடாளுமன்றமும் அதையே ஏற்க வேண்டும். 1907இல் முதல் முடிவு, 1908இல் பழைய விதிப்படி ஒரு தேர்தல், 1909இல் இறுதி முடிவு. புது விதிப்படி நடந்த முதல் தேர்தல் 1911இல்.

சரி, விகிதாசாரம் என்றால் எப்படி எண்ணுவார்கள்? இரண்டாம் அவையின் 230 இடங்களை 56 பெரிய தொகுதிகளாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு தொகுதிக்கும் மூன்று முதல் ஏழு உறுப்பினர்கள். ஓட்டுச்சீட்டின் தலைப்பில் கட்சியின் பெயர், கீழே வேட்பாளர்களின் பெயர்கள். எண்ணுவதற்கு எடுத்துக்கொண்டது டோன்ட் முறை, பெல்ஜியத்தைச் சேர்ந்த சட்டப் பேராசிரியர் விக்டர் டோன்டின் பெயரால் வழங்குவது. பெயர் மிரட்டினாலும் கணக்கு வகுத்தல் மட்டும்தான்.

நானே ஒரு தொகுதியை உருவாக்கிக் காட்டுகிறேன். ஐந்து இடம். தாராளவாதிகளுக்கு 9,000 ஓட்டு, வலதுசாரிகளுக்கு 6,500, சமூக ஜனநாயகவாதிகளுக்கு 5,000. முதல் இடம், அதிகமான 9,000 வைத்திருக்கும் தாராளவாதிகளுக்கு. ஒரு இடம் வாங்கியதும் அவர்களுடைய எண்ணை இரண்டால் வகுக்க வேண்டும், 4,500 ஆகிறது. இப்போது எது பெரிய எண்? வலதுசாரிகளின் 6,500. இரண்டாம் இடம் அவர்களுக்கு. அவர்களுடைய எண் 3,250 ஆகிறது. மூன்றாம் இடம் 5,000 வைத்திருக்கும் சமூக ஜனநாயகவாதிகளுக்கு. அவர்களுடையது 2,500 ஆகிறது. நான்காவது, 4,500 உள்ள தாராளவாதிகளுக்கு மறுபடியும். இரண்டு இடம் வாங்கிவிட்டதால் இனி அவர்களுடைய முதல் எண்ணான 9,000ஐ மூன்றால் வகுக்க வேண்டும், 3,000. ஐந்தாவது இடத்துக்கு நிற்பவை 3,000, 3,250, 2,500. வலதுசாரிகளுக்குப் போகிறது. முடிவு இரண்டு, இரண்டு, ஒன்று.

இதே ஓட்டு இந்தத் தொகுதியில் ஊருக்கு ஊர் ஒரே அளவில் பரவியிருந்து, அதை ஐந்து சிறு தொகுதிகளாக வெட்டி, அதிக ஓட்டு வாங்கியவர் ஜெயித்தார் என்று எண்ணினால் என்ன ஆகும்? ஐந்தும் தாராளவாதிகளுக்கே. மற்ற இருவருக்கும் விழுந்த 11,500 ஓட்டும் அவையில் ஒரு குரலாகக்கூட ஒலிக்காது. ஒரே மக்கள், ஒரே ஓட்டு, எண்ணும் விதம் மட்டும் வேறு. லிண்ட்மன் பயந்தது எதற்கு என்று இந்த ஒரு கணக்கிலேயே விளங்கிவிடும்.

ஒரு கட்சிக்கு இரண்டு இடம் என்று முடிவானபின் அந்த இரண்டு பேர் யார் என்பதற்கும் தனிக் கணக்கு இருந்தது. டென்மார்க்கின் கணிதவியலாளர் டீலே யோசித்துச் சொன்ன முறையை அதற்கு எடுத்துக்கொண்டார்கள். ஒரு சீட்டில் உள்ள பெயர்களில் ஒருவர் தேர்வாகிவிட்டால் அந்தச் சீட்டின் மதிப்பு பாதியாகும், இருவர் தேர்வானால் மூன்றில் ஒன்றாகும். கட்சிக்குள் இருக்கும் பெரிய கோஷ்டியே எல்லா இடத்தையும் அள்ளிவிடக்கூடாது என்பதுதான் எண்ணம். தேர்தல் சட்டம் எழுதக் கணிதம் தெரிந்தவர்களையும் கேட்ட அந்தப் பொறுமை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

இனி 1911 செப்டம்பருக்கு வருவோம். ஓட்டுரிமை பெற்றவர்கள் ஏறத்தாழ 5 லட்சத்திலிருந்து 10 லட்சத்துக்கு மேல் போயிருந்தார்கள். ஒரே அடியில் இரண்டு மடங்கு. ஆனால் ‘எல்லா ஆண்களுக்கும்’ என்ற சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளக்கூடாது. வயது 21லிருந்து 24க்கு ஏறியிருந்தது. வரி பாக்கி வைத்தவர்களுக்கு ஓட்டு இல்லை. ஏழைகளுக்கான உதவி பெற்றவர்களுக்கு இல்லை. திவாலானவர்களுக்கு இல்லை. ராணுவப் பயிற்சியை முடிக்காதவர்களுக்கு இல்லை. இந்தத் தடைகளைச் சுவீடியர்கள் ‘கோடு’ என்று சொன்னார்கள்: வரிக்கோடு, ஏழைக்கோடு, ராணுவக்கோடு. வாக்காளர் பட்டியலில் பெயரை அடிக்கும் கோடுகள். வேலை போய் வரி கட்ட முடியாமல் போனவர்தான் அரசிடம் கேட்பதற்கு அதிகம் உள்ளவர். முதலில் அடிபட்டதும் அவர் பெயர்தான்.

பெண்களுக்கு ஓட்டே இல்லை. அதே 1911 ஜூன் மாதம் உலகப் பெண்கள் ஓட்டுரிமைக் கூட்டணியின் மாநாடு ஸ்டாக்ஹோமில் கூடியது. அதில் பேசியவர் செல்மா லாகர்லோஃப், அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்புதான் இலக்கியத்துக்கான நோபல் பரிசு வாங்கியவர், அதை வாங்கிய முதல் பெண். வீட்டைக் கட்டி எழுப்பியது பெண், நாட்டைக் கட்டவும் அவள் வேண்டும் என்பது அவர் பேச்சின் சாரம். மூன்று மாதம் கழித்து நடந்த தேர்தலில் அவருக்கு ஓட்டு கிடையாது.

தேர்தல் ஒரே நாளில் நடக்கவில்லை. செப்டம்பர் மாதத்தில் இடத்துக்கு இடம் வேறு வேறு நாட்களில் நடந்தது. ஏறத்தாழ 57 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டார்கள். தாராளவாதிகள் 40 சதவீதம் வாங்கி நூற்றுக்குச் சற்று மேல் இடம் பெற்றார்கள். வலதுசாரிகள் 31 சதவீதம், சமூக ஜனநாயகவாதிகள் 28.5 சதவீதம். இந்த இரண்டு கட்சிகளுக்கும் ஏறக்குறைய சமமான இடங்கள்; சமூக ஜனநாயகவாதிகளுக்கு 64. அவர்களுடைய வளர்ச்சியை மட்டும் தனியாகப் பாருங்கள்: 1896இல் பிரான்டிங் ஒருவர்தான். 1902இல் 4, 1905இல் 13, 1908இல் 34, இப்போது 64. இத்தனைக்கும் 1909 ஆகஸ்டில் ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் இறங்கிய மாபெரும் வேலைநிறுத்தத்தில் தோற்று, தொழிற்சங்கங்கள் உறுப்பினர்களை வாரி இழந்திருந்த நேரம் அது.

லிண்ட்மன் பதவி விலகினார். அக்டோபர் 7ஆம் தேதி ஸ்டாஃப் மறுபடியும் பிரதமர். ஐந்து ஆண்டுக்கு முன் மன்னர் மறுத்ததை இந்தமுறை ஓட்டுப்பெட்டி கொடுத்தது. சமூக ஜனநாயகவாதிகளை அமைச்சரவைக்கு அழைத்தார். அவர்கள் வெளியிலிருந்தே ஆதரிக்கிறோம் என்றார்கள். ராணுவத்துக்கும் கடற்படைக்கும் சீருடை அணியாதவர்களை அமைச்சர்களாக்கினார். முதல் அவையைக் கலைத்துப் புதிதாகத் தேர்ந்தெடுக்கவும் வைத்தார். அங்கே, உள்ளாட்சியில் ஒன்றிலிருந்து 40 வரை ஏறிய அந்த ஓட்டு ஏணி தன் வேலையைக் காட்டியது: 150 இடத்தில் வலதுசாரிகளுக்கு 86, தாராளவாதிகளுக்கு 52, சமூக ஜனநாயகவாதிகளுக்கு 12. அடுத்த ஆண்டு ஸ்டாஃப் பெண்களுக்கு ஓட்டுரிமை தரும் மசோதாவைக் கொண்டுவந்தபோது இரண்டாம் அவை ஏற்றது, முதல் அவை தள்ளிவிட்டது.

தேர்தலில் ஜெயித்த பிரதமருக்கும் மன்னருக்கும் இடையில் யார் பெரியவர் என்ற கேள்வியும் 1911இல் தீரவில்லை. செலவைக் குறைக்கிறேன் என்று ஸ்டாஃப் ஒரு போர்க்கப்பல் திட்டத்தை நிறுத்தினார். அந்தக் கப்பலுக்காக நாடெங்கும் மக்களிடமே நன்கொடை வசூலித்தார்கள், ஒன்றரைக் கோடி குரோனருக்கு மேல் சேர்ந்தது. 1914 பிப்ரவரி 6ஆம் தேதி ஏறத்தாழ 30,000 விவசாயிகள் ஸ்டாக்ஹோம் அரண்மனைக்கு ஊர்வலமாகப் போனார்கள். மன்னர் ஐந்தாம் குஸ்தாவ் அரண்மனை முற்றத்தில் நின்று, தன் அரசாங்கத்தின் பாதுகாப்புக் கொள்கைக்கு எதிராகவே பேசினார். பேச்சை எழுதுவதில் கை வைத்தவர் மத்திய ஆசியாவையும் திபெத்தையும் சுற்றிய பயணி ஸ்வென் ஹெடின். ஸ்டாஃப் பதவி விலகினார். மன்னர் பிரதமராக அமர்த்தியவர் யால்மர் ஹாமர்ஷோல்ட். பின்னாளில் ஐ.நா. பொதுச்செயலாளரான டாக் ஹாமர்ஷோல்ட் இவருடைய மகன்.

அப்புறம் நடந்ததில் எண்ணும் முறை தன் பங்கைத் தெளிவாகக் காட்டியது. 1914இல் மட்டும் இரண்டு தேர்தல்கள். வசந்தகாலத் தேர்தலில் ஓட்டுப்பதிவு 70 சதவீதத்தைத் தொட்டது. வலதுசாரிகளுக்கு 86, சமூக ஜனநாயகவாதிகளுக்கு 73, தாராளவாதிகளுக்கு 71. உலகப்போர் தொடங்கியபின் செப்டம்பரில் நடந்த தேர்தலில் சமூக ஜனநாயகவாதிகள் 87, வலதுசாரிகள் 86, தாராளவாதிகள் 57. விகிதாசாரத்தைக் கேட்டு வாங்கிய வலதுசாரிகள் எதிர்பார்த்தபடியே பிழைத்துக்கொண்டார்கள். தொகுதிக்கு ஒருவர் என்று கேட்டுத் தோற்ற தாராளவாதிகள் இரண்டு பக்கமும் நெருக்கப்பட்டுச் சுருங்கினார்கள். ஸ்டாஃப் 1915இல் இறந்துபோனார்.

1917இல் போர்க்காலப் பஞ்சத்தில் மக்கள் உருளைக்கிழங்குக்காகத் தெருவில் இறங்கிய ஆண்டில் நடந்த தேர்தலுக்குப் பிறகு, தாராளவாதியான நில்ஸ் ஏடேன் பிரதமரானார். பிரான்டிங் நிதியமைச்சர். மன்னர் இந்த அரசாங்கத்தை ஏற்க வேண்டியதாயிற்று. அவையில் பெரும்பான்மை உள்ளவரே ஆள்வார் என்பது சுவீடனில் அதிலிருந்துதான் உறுதியானது. 1918 டிசம்பரில், பக்கத்து ஜெர்மனியில் பேரரசர் முடிதுறந்த சில வாரங்களில், முதல் அவை கடைசியாக விட்டுக்கொடுத்தது. 40 ஓட்டு ஏணி போயிற்று. பெண்களுக்கும் ஓட்டு என்று முடிவானது. லிண்ட்மன் கேட்ட விகிதாசாரத்தில் மட்டும் யாரும் கைவைக்கவில்லை. சுவீடன் இன்றும் விகிதாசாரமாகவே எண்ணுகிறது, வகுக்கும் எண்கள்தான் பிறகு மாறின.

1921 செப்டம்பரில் பெண்கள் முதன்முறையாக நாடாளுமன்றத்துக்கு ஓட்டுப் போட்டார்கள். ஐந்து பெண்கள் உள்ளே போனார்கள்: முதல் அவைக்கு ஷெஷ்டின் ஹெசல்கிரேன், இரண்டாம் அவைக்கு எலிசபெத் தாம், அக்டா ஓஸ்ட்லுண்ட், நெல்லி தூரிங், பெர்தா வெலின். வரிக்கோடு அப்போது அழிந்திருந்தது. ராணுவக்கோடு 1922இல் அழிந்தது. ஏழைக்கோடு அழிய 1945 ஆயிற்று.